பசியும் பண்பும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மனிதனை இயக்குவது எது? இதுவே இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருள். அறிஞர் பலர் இவ்வினாவுக்குப் பலவாறு விடை பகர்ந்துள்ளனர். ஆன்மா என்றார் சிலர். அறிவு என்றார் சிலர். முன்வினை என்றாரும் உளர். முன்வினை என்னும் விடையால் நாம் பட்ட பாட்டை இந்த அவைக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது மிக எளியதொரு விடை. உடல் என்பதே அது. பசி, தாகம், உறக்கம், கழிவு, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓரிடம் ஆகிய இவை மனிதனை எவ்வாறு ஆட்டி வைக்கின்றன? அவ்வாறு ஆட்டி வைக்கப்பட்டவனைப் பார்த்து ஊர் என்ன பெயர் சூட்டுகிறது? இவ்விரண்டையுமே பேச விரும்புகிறோம்.

பெயர் சூட்டுதல் என்றோம். 'சேரிப் பிள்ளைக்குப் படிப்பில் கவனம் நில்லாது, எந்நேரமும் சோற்று நினைப்புத்தான், சொன்னால் சுருக்கென்று கோபம் வரும், கை நீளும், சோம்பல் பிறவிக் குணம்.' இச்சொற்களைக் கேளாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர் நம்முள் எத்தனை பேர்? இவை குலத்தின் இயல்பு என்றே சொல்லப்பட்டன. சொன்னவர் எல்லாரும் கொடியவர் அல்லர். நல்லெண்ணம் கொண்ட ஆசிரியரும் அவ்வாறே நம்பினர். அதனால்தான் இதனை ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றுள் பண்பு எவ்வளவு, பசி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இன்று அறிவியல் நமக்குத் துணை நிற்கிறது.

முதலில் உடலினுள் நடப்பதைச் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டு உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் உண்மையை விளக்கினார். உடல் தன் வெப்பத்தையும், இரத்தத்தின் நீரையும் உப்பையும் சர்க்கரையையும் ஒரு குறுகிய எல்லைக்குள் ஓயாமல் காத்து வருகிறது என்பதே அது. அந்த எல்லை சற்றே மீறினாலும் உடல் வாளா இராது. இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு உறுப்பு அதனை உணர்ந்துவிடும். நா வறளும், எண்ணம் நீரின்மேல் திரும்பும். பசிக்கும் இத்தகைய தூதுவர் உண்டு. வெறும் வயிறு சுரந்து மூளைக்கு அனுப்பும் கிரெலின் என்னும் பொருளை 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். உடம்பின் கொழுப்பு இருப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் அதற்கு ஐந்தாண்டு முன்னர் கண்டறியப்பட்டது. மூளையோ பெருந்தீனிக்காரன். எடையில் உடம்பின் ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே உண்கிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் இது இன்னும் மிகுதி. அக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் மேல் மூளைக்கே போய்விடுகிறது. காலையில் ஒன்றும் உண்ணாமல் முதல் வகுப்பில் அமரும் பிள்ளையை இக்கணக்கோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இத்தூதுவர் எவரும் நம் விருப்பத்தைக் கேட்டு வருபவர் அல்லர். சாதிச் சான்றிதழைப் பார்த்து இரத்தம் உப்பேறுவதும் இல்லை.

இனி, நம் பொருளுக்கு இன்றியமையாத ஓர் ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை எவ்வாறு உணவூட்டித் தேற்றுவது என்பதை அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். மனச்சான்றின் பேரில் போரிட மறுத்த இளைஞர் முப்பத்தாறு பேர் தாமே முன்வந்து அதற்குத் தம் உடலை ஒப்புக்கொடுத்தனர். உடல் நலமும் மன உறுதியும் நல்லியல்பும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அனைவரும் வெள்ளையர், பிறரது பசியைப் போக்கத் தாம் பசித்திருக்க இசைந்த பெருந்தகையாளர். 1944 நவம்பரில் சோதனை தொடங்கியது. முதல் பன்னிரண்டு வாரம் நிறைந்த உணவு தரப்பட்டது. 1945 பிப்ரவரி முதல் இருபத்து நான்கு வாரம் அதில் ஏறக்குறையப் பாதியே தரப்பட்டது. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு போன்ற ஏழையர் உணவு. வாரந்தோறும் இருபத்திரண்டு மைல் நடக்கவும் வேண்டும்.

நடந்தது என்ன? உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது, அது எதிர்பார்த்ததே. நாம் கவனிக்க வேண்டியது அவர்தம் நடத்தை. உலக அமைதியைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் விவாதித்தவர்கள் வேறு பேச்சை மறந்து சோற்றைப் பற்றியே பேசலாயினர். சமையல் நூல்களை வாங்கிச் சேர்த்துக் கதைப் புத்தகம்போலப் படித்தனர். கிடைத்த சிறு உணவை மணிக்கணக்கில் வைத்துத் தின்றனர். தட்டை நாவால் வழித்தனர். சிரிப்பும் வேடிக்கையும் மறைந்தன. அற்பக் காரணத்துக்கு எரிந்து விழுந்தனர். நண்பரை விலக்கித் தனித்திருந்தனர். பெண்ணாசையும் அவர்களை விட்டு நீங்கியது. சிலர் கட்டுப்பாட்டை மீறிக் களவாக உண்டனர். படிப்பில் மனம் நிற்கவில்லை என்று அவர்களே கூறினர்.

நாம் முன்னர்ச் சொன்ன பழிச்சொற்களை ஒவ்வொன்றாக இதனருகே வைத்துப் பாருங்கள். கவனமின்மை, சோற்று நினைப்பு, முன்கோபம், சோம்பல், கை நீளுதல்! எந்தச் சேரியிலும் பிறவாத முப்பத்தாறு நல்லிளைஞரிடம், அரை வயிற்றுணவு ஆறே மாதத்தில் இவை யாவற்றையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியான ஆய்வு நூல் இவற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

அவ்வாய்வின் இன்னொரு முடிவு இதனினும் முதன்மையானது. 'எங்கள் அறிவு மழுங்கிவிட்டது' என்று அவ்விளைஞர்கள் எண்ணினர். ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி ஏதும் காணப்படவில்லை! அறிவு இருந்த இடத்திலேயே இருந்தது. அதனைப் பாடத்தின்மேல் செலுத்தும் ஊக்கத்தை மட்டும் பசி தன்பால் இழுத்துக்கொண்டது. பிஞ்சுப் பருவத்தில் நெடுங்காலம் நேரும் ஊட்டக்குறைவு மூளை வளர்ச்சியையே தாக்கும் என்பது உண்மை. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. வகுப்பில் தூங்கி வழியும் பையனைப் பார்த்து 'மூளையில்லை' என்று முடிவு கட்டுவதற்கு முன், அவன் இறுதியாக உண்டது எப்போது என்று கேட்க வேண்டும் என்கிறோம்.

அந்த இளைஞர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தங்கள் பட்டினி முடியும் நாள் எது என்று அவர்களுக்குத் தெரியும். நம் பாட்டன்மார்க்கு அது தெரியாது.

பசியின் ஆற்றலை நம்மினும் நன்றாக அறிந்திருந்தவர் ஆண்டைகளே. இங்கிலாந்தில் 1786இல் ஜோசப் டவுன்சென்ட் என்னும் பாதிரியார், ஏழைகளுக்கு அரசு உதவி வழங்கலாகாது என்று ஒரு நூல் எழுதினார். கொடிய விலங்கையும் பசி பணிய வைக்கும். சட்டத்தால் வருத்தி வேலை வாங்குவதினும் பசியை விட்டு வேலை வாங்குவது ஓசையின்றி முடியும் என்பது அவர் வாதம். அவர் எழுதி வைத்தார். நம் நாட்டு மிராசுதாரர்கள் எழுதாமலே செய்தார்கள். பண்ணையாளுக்குக் கூலி அன்றன்றைய நெல். அதுவும் மறுநாளைக்கு மிஞ்சாத அளவு. மிஞ்சினால் மறுநாள் அவன் வாசலில் வந்து நிற்கமாட்டான் அல்லவா? அவன் 'ஐயா, சாமி' என்று கைகட்டி நின்றதைப் பார்த்து, 'பணிவு அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது' என்றனர். ஊறியது பணிவா, பட்டினியா?

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பசி மனிதனை ஆட்டுகிறது என்று ஒப்புக்கொண்டால், பசித்தவன் வெறும் பொம்மை என்று ஆகிவிடாதா? ஆகாது. கீழ்வெண்மணியை நினைவுகூருங்கள். கூலி நெல்லைச் சற்றே கூட்டிக் கேட்டும், சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்தும் நின்ற மக்கள் அவர்கள். 1968 டிசம்பர் 25 இரவில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக நாற்பத்து நால்வர் ஒரு குடிசையில் எரிந்து மாண்டனர். நெல் மட்டுமே அவர்கள் நோக்கமாயிருந்தால், கொடியை இறக்கிவிட்டு நெல்லை வாங்கியிருக்கலாம்.

அமெரிக்க உளநூலறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். உடல் தேவை முதலாவது, பின்னர்ப் பாதுகாப்பு, பின்னர் அன்பு, பின்னர் மதிப்பு, இறுதியில் தன் ஆற்றலை முழுதும் மலரச் செய்தல். கீழுள்ளது ஓரளவு நிறைவேறிய பிறகே மேலுள்ளது தலைதூக்கும் என்பது அவர் கொள்கை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் படித்த நம் இளைஞர்களுக்கு இது மனப்பாடம். இதில் உண்மை உண்டு. ஆனால் இவ்வரிசை எல்லாரிடத்தும் மாறாதது அன்று என்பதை மாஸ்லோவே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டுள்ளார். நம் வரலாறோ இவ்வரிசையைப் பலமுறை தலைகீழாக்கிக் காட்டியிருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே இரண்டு செய்திகளைக் காட்டுவோம். இரண்டும் தண்ணீரைப் பற்றியவை. சத்தாராவில் சிறுவனாயிருந்தபோது, ஏறக்குறைய 1901இல், கோரேகாவில் காசாளராகப் பணியாற்றிய தந்தையாரைக் காண அண்ணனோடும் சகோதரியின் பிள்ளைகளோடும் அவர் புறப்பட்டார். மசூர் இரயில் நிலையத்தில் இறங்கியதும், இவர்கள் மகர் பிள்ளைகள் என்று தெரிந்தது. வண்டி ஓட்ட ஆள் வரவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிச் சென்றனர். கையில் நல்ல உணவு இருந்தது. குடிக்க நீர் இல்லை. கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. உணவுக் கூடை நிறைந்திருக்க, நீரின்றி அதனை உண்ண முடியாமல் அப்பிள்ளைகள் பசியோடு உறங்கினர். உணவு இல்லாமையால் வரும் பட்டினியை உலகம் அறியும். உணவு இருந்தும் பட்டினி கிடக்கச் செய்யும் வித்தையைச் சாதி ஒன்றே அறியும். பள்ளியிலும் இதே நிலைதான். குழாயை அவர் தொடலாகாது. ஏவலாள் வந்து திறந்துவிட்டால்தான் நீர். அவன் வாராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான்.

அச்சிறுவன் வளர்ந்து 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் சென்று, நீரை அள்ளிப் பருகினார். பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமென்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானித்திருந்தது. மகாடு நகராட்சியும் அதனை ஏற்றிருந்தது. ஆயினும் அன்று வரை எவரும் துணிந்து இறங்கவில்லை. இறங்கியவர்கள் தாக்கப்பட்டனர். குளத்தைத் 'தூய்மைப்படுத்த' நூற்றெட்டுக் குடங்களில் சாணமும் கோமியமும் கலந்து ஊற்றினார்கள்! அவ்வாண்டு டிசம்பரில் கூடிய இரண்டாம் மாநாட்டில் அண்ணல் கூறியதன் சாரம் இது: இந்த நீரைக் குடித்தால் நாம் சாகாவரம் பெற்றுவிடப் போவதில்லை, இதுவரை குடியாமலும் வாழ்ந்திருக்கிறோம், நாமும் மற்றவரைப் போன்ற மனிதரே என்பதை நிலைநாட்டவே அங்குச் செல்கிறோம். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

தாகம் என்பது உடலின் தேவை. ஆனால் அத்தேவையின்மேல் பிறன் கை வைத்திருக்கும்போது, நீர் வெறும் நீராக இருப்பதில்லை. குழாயைத் திறப்பவன் எவனோ, அகப்பையைப் பிடிப்பவன் எவனோ, அவனே எசமானன் ஆகிறான். ஆதலின் நாம் வேண்டுவது உணவும் நீரும் மட்டும் அன்று. அவற்றைப் பிறர் தயவின்றிப் பெறும் நிலை. பசித்தவனுக்கு இரங்கிச் சோறிட்ட பெருமக்கள் நம் மண்ணில் உளர். மணிமேகலை அமுதசுரபியைக் கொண்டு பசி தீர்த்ததோடு நில்லாது, சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றச் செய்தாள் என்கிறது காப்பியம். வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. இவர்களை வணங்குகிறோம். எனினும் இரக்கம் வேறு, உரிமை வேறு.

இதனைப் பள்ளி உணவு வரலாற்றில் காணலாம். 1920இல் நீதிக்கட்சியினர் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுணவு தரத் தீர்மானித்தது. வறுமையால் பிள்ளைகள் பள்ளிக்கு வாராமையே காரணமாகக் காட்டப்பட்டது. பின்னர் 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு. 1982 ஜூலை முதல் நாள் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றுக்கும் பரவிய காலை உணவு. ஒரு நூறாண்டில் ஓரணாச் சிற்றுண்டி ஒரு பிள்ளையின் உரிமையாக வளர்ந்த கதை இது. நம்முள் பலர் அந்தத் தட்டின் முன் அமர்ந்து எழுத்தறிந்தவர்களே.

ஆனால் அதே சத்துணவுக் கூடத்தில் மற்றொன்றும் நடக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் சிலர் தடுத்த செய்தி நாடறிந்தது. பசித்த பிள்ளையின் வயிறு, சமைத்த கை யாருடையது என்று கேட்பதில்லை. பெற்றோர்தான் கேட்கின்றனர். பசியை மீறி நிற்கும் ஆற்றல் உயர்ந்த நோக்கத்துக்கு மட்டும் உரியதன்று. வெறுப்புக்கும் உண்டு என்பதை இதனால் அறிகிறோம். இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. சாதி, பசி போல உடலோடு பிறந்ததாயின் அதனை மாற்ற இயலாது. கற்பிக்கப்பட்டதே அது.

உடலின் தேவைகளுள் பேசக் கூசும் ஒன்றையும் இங்குப் பேசியாக வேண்டும். தாய்மார்கள் பொறுத்தருள்க. கழிப்பறை இல்லாத, அல்லது இருந்தும் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத பள்ளியில் பயிலும் பெண்பிள்ளைகள் என்ன செய்கின்றனர்? காலை முதல் மாலை வரை தண்ணீர் குடியாமல் இருக்கின்றனர். நீர் குறைந்தால் தலைவலி, சோர்வு. அடக்கி வைத்தால் சிறுநீர்த் தாரையில் நோய். மாதந்தோறும் சில நாள் பள்ளிக்கு வாராமை. பிறகு, 'பெண்பிள்ளைக்கு எட்டாவதற்கு மேல் படிப்பு ஏறவில்லை' என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். 'நிறுத்திவிடுகிறார்கள்' என்று சொல்லாமல் 'நிறுத்திவிடுகிறோம்' என்றே சொல்கிறோம். ஏனெனில் இந்தப் பழிச்சொல்லைச் சூட்டுவது ஊர் அன்று, நாம்தாம். பசித்த பையனைப் பார்த்து 'மூளையில்லை' என்ற ஆசிரியருக்கும் நமக்கும் இதில் என்ன வேறுபாடு?

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். வளரும் பருவத்தினர்க்கு இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அது எளிதன்று. தேர்வுக்காக விடிய விடிய விழித்திருப்பதை வீரமாகக் கருதும் இளைஞர்கள், பகலில் கற்றதை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தில்தான் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். வெள்ளி விழா நினைவாக நுழைவாயிலில் ஒரு வளைவு எழுப்பலாம் என்று உறுப்பினர் சிலர் கருத்துத் தெரிவித்துள்ளனர். அவர்கள் ஆர்வத்தைப் பழிக்க மாட்டோம். கல்லில் நம் பெயர் பொறித்துப் பார்க்கும் ஆசை, நெடுங்காலம் பெயரற்றிருந்த மக்களுக்கு இயல்பே. ஆயினும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளைச் சற்று நினையுங்கள். பன்னிரண்டரை மணிக்குச் சத்துணவு உண்டவன் ஆறு மணிக்கு நம்மிடம் வந்து எட்டரை வரை கணக்குப் போடுகிறான். ஏழு மணிக்கு மேல் அவன் கண் புத்தகத்தில் இருக்கிறது. எண்ணம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பேசினோம்.

வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது வேகவைத்த பயறு. மூடி வைத்த பானையில் குடிநீர், அவரவர் தாமே மொண்டு குடிக்கக் குவளை. பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. வளைவுக்கு முன் இம்மூன்றும் வேண்டும். சுண்டல் செய்யும் பொறுப்பை வாரம் ஒரு தெருவாக ஏற்கலாம். எத்தெரு சமைத்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். நம்முள்ளேயே ஒரு பிரிவார் சமைத்ததை இன்னொரு பிரிவார் தொடத் தயங்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பதை அறிவோம். ஆகையால்தான் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

பணத்துக்கு என்ன வழி என்று பொருளாளர் அவர்கள் கேட்பார்கள். கேட்பது முறையே. வளைவுக்கென்று இதுவரை சேர்ந்துள்ள தொகையில் கழிப்பறையைத் தொடங்கிவிடலாம். பயறுக்கு மாதச் சந்தாவோடு வீட்டுக்கொரு படி கேட்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாக முன்மொழிய ஆயத்தமாயிருக்கிறோம். வழிமொழிவதற்கு மாலை வகுப்பில் படித்து மேலே வந்த இளைஞர் ஒருவரும், ஒரு பெண்மணியும் இப்போதே பெயர் கொடுத்தால் செயலாளர் குறித்துக்கொள்வார்.